எரிச்சல் என்பது சான்றிதழ் அல்ல

தமிழில் தலைமுடியைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, கூழை, ஐம்பால் என்று பெண்ணின் முடிக்கு ஒரு வரிசை. குஞ்சி, குடுமி என்று ஆணின் முடிக்கு இன்னொரு வரிசை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா இல்லையா என்ற கேள்விக்காக நக்கீரரும் சிவபெருமானும் சங்கத்தில் மோதிக்கொண்டதாகக் கதை சொல்லும் மரபு நம்முடையது. தம் நிலையிலிருந்து தாழ்ந்தவரைத் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். முடி இருந்தால் அழகு, உதிர்ந்தால் இழிவு என்பதை இவ்வளவு திருத்தமாக வகுத்துக்கொண்ட மொழியில், அந்த முடி முளைத்து நிற்கும் தோலுக்கு அன்றாடப் பேச்சில் ஒரு தனிச்சொல்லைத் தேடிப் பாருங்கள். மண்டை என்போம், உச்சந்தலை என்போம், அல்லது வெறுமனே தலை என்று சொல்லி முடித்துவிடுவோம். புத்தகத்தில் மண்டைத்தோல் என்று எழுதுவார்கள். சலூனில் ஸ்கால்ப் என்பார்கள். பயிரை ஆயிரம் விதமாகப் பாடினோம். நிலத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் முடி உதிர்வுப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிக்கக்கூடிய நண்பர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நாம் இங்கே வழக்காட வந்திருப்பது ஒரு வாக்கியத்தோடு. 'எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்' என்பதே அந்த வாக்கியம். முடி வளர்வதற்கென்று தலையில் தடவும் மருந்தை வாங்கிய எவரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. மருந்துக்கடையில் சொல்கிறார்கள், சலூனில் சொல்கிறார்கள், விடுதி அறையில் மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்கிறார், காணொளிகளில் புன்னகையோடு சொல்கிறார்கள். எழுதியவர் பெயர் இல்லாமல், ஆதாரம் கேட்கப்படாமல், பழமொழியின் அதிகாரத்தோடு உலவும் வாக்கியம் இது. பழமொழிகளை ஆராய்வது நம் துறைக்குப் புறம்பானதல்ல. அதிலும், ஒரு பழமொழி ஆயிரக்கணக்கானோரின் தலையைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும்போது அதைக் கேள்வி கேட்காமல் இருப்பது மொழி கற்றவர்களுக்கு அழகல்ல.

நம் நிலைப்பாட்டை மறைத்து வைத்துக்கொண்டு பேச விரும்பவில்லை. தலைத்தோலில் ஏற்படும் எரிச்சல், மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் அன்று. அது உடல் கொடுக்கும் ஒரு முறையீடு. பெரும்பாலும் அந்த முறையீடு மருந்தின் மீதுகூட இல்லை. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவத்தின் மீதுதான். முறையீட்டைச் சான்றிதழாக மாற்றிச் சொல்வது அறியாமையில் தொடங்கி வணிகத்தில் முடிகிறது.

*

இந்த வழக்கில் முதன்மைப் பாத்திரம் மினாக்சிடில். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரைச் சேர்ந்த அப்ஜான் நிறுவனம் உருவாக்கிய மருந்து இது. முடிக்காக உருவாக்கப்பட்டதல்ல. கடுமையான இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக 1979-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. அதை விழுங்கிய நோயாளிகளுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கைகளிலும் முடி வளரக் கண்டார்கள். பக்கவிளைவாக வந்ததையே பயனாக மாற்றும் முயற்சியில் பிறந்தது தலையில் தடவும் கரைசல். ஆண்களுக்கான 2 சதவீதக் கரைசல் 1988-இல் ஒப்புதல் பெற்றது. 1991-இல் பெண்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. 1996-இல் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம் என்றானது. 1997-இல் ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல் வந்தது. 2006-இல் நுரை வடிவம் வந்தது. இந்தக் கடைசி ஆண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; நம் வாதத்தின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது.

மினாக்சிடில் தண்ணீரில் எளிதாகக் கரையாது. ஒரு மில்லி லிட்டர் தண்ணீரில் சுமார் 2 மில்லி கிராம்தான் கரையும். 5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லி லிட்டரில் 50 மில்லி கிராம் இருந்தாக வேண்டும். எனவே வேறு கரைப்பான் தேவைப்படுகிறது. எரிசாராயமும் புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் பிசுபிசுப்பான திரவமும் அந்தத் தேவையை நிறைவேற்றுகின்றன. அமெரிக்காவில் விற்கப்பட்ட மூலக் கரைசலில், 2 சதவீத வடிவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால் 20 சதவீதம், எரிசாராயம் 60 சதவீதம். 5 சதவீத வடிவத்தில் எரிசாராயம் 30 சதவீதமாகக் குறைந்து, புரோப்பிலீன் கிளைக்கால் 50 சதவீதமாக உயர்ந்தது. அதாவது, 'மினாக்சிடில் தடவுகிறேன்' என்று சொல்லும் ஒருவர் உண்மையில் தடவிக்கொள்வதில் பாதி புரோப்பிலீன் கிளைக்கால். இருபதில் ஒரு பங்குதான் மினாக்சிடில்.

புரோப்பிலீன் கிளைக்கால் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. களிம்புகளிலும் அழகுப் பொருட்களிலும் உணவுப் பண்டங்களிலும்கூட அது இருக்கிறது. பெரும்பாலோர் உடல் அதைத் தாங்கிக்கொள்கிறது. தாங்காதவர்களும் இருக்கிறார்கள். தொடுவதால் வரும் தோலழற்சிகளை ஆராயும் அமெரிக்க மருத்துவர் சங்கம், ஆண்டுதோறும் ஒரு பொருளை 'அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்து மருத்துவர்களின் கவனத்தை ஈர்க்கும். 2018-இல் அந்த இடம் புரோப்பிலீன் கிளைக்காலுக்குத்தான் கிடைத்தது. மினாக்சிடில் கரைசலால் தலை சிவந்து அரித்து வருபவர்களில் மினாக்சிடிலே ஒத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. இந்தக் கரைப்பான் ஒத்துக்கொள்ளாதவர்களே அதிகம். எரிசாராயம் தன் பங்குக்குத் தோலை வறளச் செய்யும். ஏற்கெனவே பொடுகோ கீறலோ இருந்தால் சுரீர் என்று எரியும்.

*

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நல்ல வாதத்தோடு எழுந்து நிற்கும். அதை மறைக்காமல் எடுத்து வைப்பதே நேர்மை. 'சரி, 2 சதவீதத்தைவிட 5 சதவீதம் அதிகம் எரிகிறது. 5 சதவீதம்தான் அதிக முடியையும் வளர்க்கிறது. அப்படியானால் எரிச்சலுக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கிறதல்லவா?' என்று அவர்கள் கேட்கலாம். தரவு அவர்கள் பக்கம் இருப்பதுபோலவே தோன்றும். 2002-இல் வெளியான, 393 ஆண்களிடம் 48 வாரங்கள் நடந்த ஆய்வில், 5 சதவீதக் கரைசல் 2 சதவீதக் கரைசலைவிட 45 சதவீதம் கூடுதலாக முடியை வளர்த்தது. அதே ஆய்வில் அரிப்பும் எரிச்சலும் 5 சதவீதக் கரைசலைத் தடவியவர்களிடம்தான் அதிகம்.

ஆனால் இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று ஆகிவிடாது. மழை நாளில் குடையும் வருகிறது, சேறும் வருகிறது. குடைதான் சேற்றை உண்டாக்கியது என்று யாரும் சொல்வதில்லை. 5 சதவீதக் கரைசலில் மருந்தும் கூடியிருக்கிறது, அதைக் கரைக்கக் கரைப்பானும் கூடியிருக்கிறது. கூடிய மருந்து முடியை வளர்த்தது. கூடிய கரைப்பான் தோலைச் சுட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு கரைப்பானை நீக்கிப் பார்ப்பது. 2006-இல் வந்த நுரை அதைத்தான் செய்தது. அதே 5 சதவீத மினாக்சிடில். புரோப்பிலீன் கிளைக்கால் மட்டும் இல்லை. முடி வளர்ந்தது, எரிச்சலும் அரிப்பும் வெகுவாகக் குறைந்தன. எரிச்சல்தான் வேலையின் அடையாளம் என்றால் நுரை தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. வழக்கு இந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டியது.

மருந்து உண்மையில் எங்கே வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். மினாக்சிடில் தோலில் பட்டதும் செயல்படுவதில்லை. மயிர்க்காலில் உள்ள சல்போட்ரான்ஸ்பெரேஸ் என்னும் நொதி அதை மினாக்சிடில் சல்பேட்டாக மாற்ற வேண்டும். அந்த வடிவம்தான் முடியை வளர்ச்சிப் பருவத்துக்குத் தள்ளுகிறது. இந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குத் தலை தீயாய் எரிந்தாலும் முடி வளராது. போதுமான அளவு உள்ளவர்களுக்குச் சிறிதும் எரியாமலே வளரும். எரிச்சலை உணர்வது தோலின் நரம்பு. முடியை முளைக்கச் செய்வது மயிர்க்காலின் உள்ளே ஓசையின்றி நடக்கும் மாற்றம். ஒன்றைப் பார்த்து மற்றதை அளக்க முடியாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி வழக்கத்தைவிட அதிகமாக உதிர்வதுண்டு. ஓய்வுப் பருவத்தில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிய முடி கிளம்புவதால் வரும் தற்காலிக உதிர்வு அது. 'முதலில் கொட்டும், பயப்படாதே' என்று சொல்வதில் உண்மை உண்டு. இந்த உண்மையின் தோளில் ஏறிக்கொண்டுதான் 'முதலில் எரியும், பயப்படாதே' என்ற பொய்யும் ஊர்வலம் போகிறது. கொட்டுவதும் எரிவதும் ஒன்றல்ல. முன்னது மயிர்க்காலின் சுழற்சி. பின்னது தோலின் அழற்சி. அழற்சி கடுமையானால் அதுவே முடி உதிர்வைத் தூண்டவும் கூடும். அப்போது மருந்து எதற்காக வாங்கப்பட்டதோ அதற்கு நேர்மாறான வேலை நடந்துகொண்டிருக்கும். தடவுபவரோ 'நன்றாக வேலை செய்கிறது' என்று பொறுத்துக்கொண்டிருப்பார்.

*

இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரூன்றியது ஏன்? முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்லிவிட்டால் நம் வேலை எளிதாகிவிடும். ஆனால் நீண்ட காலம் உயிரோடிருக்கும் பொய்களுக்குள் பாதி உண்மை ஒளிந்திருப்பதே வழக்கம்.

நம் ஊர்களில் புழுவெட்டு என்று சொல்லப்படும் நோய் இருக்கிறது. வட்ட வட்டமாக முடி கொட்டி, தோல் வழவழப்பாகத் தெரியும். சின்ன வெங்காயத்தை மிளகோடும் உப்போடும் அரைத்துத் தேய்ப்பது, பச்சைப் பூண்டைத் தேய்ப்பது என்று இதற்குக் கைவைத்தியங்கள் உண்டு. எல்லாமே எரியக்கூடியவை. இதில் ஒரு தருக்கம் இருப்பதை நவீன மருத்துவமும் மறுக்கவில்லை. புழுவெட்டு என்பது உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் தம் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. அந்தத் தாக்குதலைத் திசைதிருப்ப, தோலில் வேண்டுமென்றே ஒரு மெல்லிய ஒவ்வாமையை உண்டாக்கும் சிகிச்சை இருக்கிறது. டைபீனைல்சைக்ளோபுரோப்பினோன் என்ற வேதிப்பொருளைத் தோல் மருத்துவர், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரம் ஒருமுறை தடவுவார். 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பச்சை வெங்காயச் சாற்றைத் தடவிய 23 புழுவெட்டு நோயாளிகளில் 20 பேருக்கு ஆறு வாரங்களில் முடி முளைத்தது. இந்த ஆய்வுதான் இன்று வெங்காயம் என்று பெயரிட்ட எண்ணெய்ப் புட்டிகளின் பின்னால் நிழலாக நிற்கிறது.

ஆனால் கவனியுங்கள்: புழுவெட்டு வேறு, நெற்றியிலிருந்தும் உச்சியிலிருந்தும் படிப்படியாக முடி மெலியும் பரம்பரை வழுக்கை வேறு. பின்னதில் ஹார்மோனின் தூண்டுதலால் மயிர்க்கால் சிறுத்துக்கொண்டே போகிறது. அங்கே திசைதிருப்ப வேண்டிய தாக்குதல் எதுவும் இல்லை. புழுவெட்டில்கூட எரிச்சல் என்பது மருத்துவர் அளந்து, வாரந்தோறும் பார்த்து, கட்டுக்குள் வைத்திருக்கும் ஒன்று. தலை கொப்பளிக்கும் வரை பூண்டைத் தேய்த்துத் தீக்காயம் வாங்கிக்கொள்வதல்ல. ஒரு நோய்க்குப் பொருந்திய பாதி உண்மையை இன்னொரு நோயின் மீது ஒட்டவைத்ததில் பிறந்ததே நாம் எதிர்க்கும் வாக்கியம்.

இதற்கு மேல் ஒரு பண்பாட்டுக் காரணமும் உண்டு. கசந்தால்தான் மருந்து, வலித்தால்தான் வைத்தியம், அடித்தால்தான் படிப்பு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். துன்பத்தைப் பயனின் முன்பணமாகக் கருதும் மனம் நமக்குள் அமர்ந்திருக்கிறது. மினாக்சிடில் போன்ற மருந்து இந்த மனத்துக்கு வசதியான இரை. நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி லிட்டர் என்று தடவினாலும், பலன் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது நான்கு மாதங்கள் ஆகும். அந்த நான்கு மாதங்களும் சாட்சியே இல்லாத காலம். கண்ணாடி ஒன்றும் சொல்லாது. மருந்து உள்ளே ஏதாவது செய்கிறதா என்று தெரியாமல் தவிப்பவருக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது. எரிச்சல் அந்த வெற்று நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொய்ச்சாட்சி என்றாலும், சாட்சியே இல்லாமல் இருப்பதைவிட ஆறுதல். மனிதரின் இந்தப் பலவீனத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அதைத் தெரிந்துகொண்டு காசாக்குபவர்களையே குற்றம் சாட்டுகிறோம்.

*

இப்போது இன்னொரு தரப்பு மகிழ்ச்சியோடு குறுக்கிடும்: 'அதனால்தான் சொல்கிறோம், ரசாயனமே வேண்டாம், இயற்கைக்குத் திரும்புங்கள்.' இவர்களோடும் நமக்கு உடன்பாடு இல்லை. இயற்கை என்ற சொல்லைப் போல் நம் காலத்தில் விலைபோன சொல் வேறில்லை. பூண்டு இயற்கைதான், தோலைப் பொசுக்குகிறது. சேராங்கொட்டை இயற்கைதான்; அதன் பால் பட்டால் கொப்பளிக்கும் என்பது கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும்.

இந்தத் தரப்பினர் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2015-இல் வெளியான ஈரானிய ஆய்வு அது. ரோஸ்மேரி எண்ணெயையும் 2 சதவீத மினாக்சிடிலையும் ஆறு மாதங்கள் ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன என்றது. அதுவரைக்கும்தான் இவர்கள் வாசிப்பார்கள். ஒப்பிட்டது 5 சதவீதத்தோடு அல்ல என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதே ஆய்வில், மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் தலை அரிப்பு இரு குழுவினருக்குமே தொடக்கத்தைவிடக் கூடியிருந்தது என்பதையும் சொல்ல மாட்டார்கள். மினாக்சிடில் குழுவில் அரிப்பு அதிகம் என்பது உண்மை. ரோஸ்மேரி குழுவில் அரிப்பே இல்லை என்பது உண்மையல்ல. ஒரு பிரதியை அரைகுறையாக வாசித்துவிட்டுப் பேசுபவர்களை இலக்கியத்தில் நாம் எப்படி நடத்துவோமோ, அப்படியே இங்கும் நடத்த வேண்டும்.

மூன்றாவது தரப்பு நம்மைச் சேர்ந்தது, படித்தவர்கள், முற்போக்காளர்கள். 'வழுக்கை ஒரு நோயா? அழகு பற்றிய கற்பிதங்களுக்கு அடிமையாகித் தலையைப் புண்ணாக்கிக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்? அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே?' என்பது இவர்கள் நிலை. கேட்க உயர்வாக இருக்கிறது. வழுக்கையை மனமார ஏற்றுக்கொள்பவரை நாமும் மதிக்கிறோம். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் தலையைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளும் சமூகத்தில், திரைப்பட நகைச்சுவை சொட்டைத் தலை இல்லாமல் நிறைவடையாத சமூகத்தில், இந்த அறிவுரையைப் பாதிக்கப்பட்டவரை நோக்கி மட்டும் நீட்டுவது நியாயமா? வகுப்பறையில் இருபது வயதுப் பிள்ளைகளோடு நாளும் பழகும் நமக்கு, தொப்பியைக் கழற்றச் சொன்னால் கண் கலங்கும் மாணவர்களைத் தெரியும். முன்வகிடு அகன்று வருவதை மறைக்கத் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்ளும் மாணவிகளைத் தெரியும். கேலியை நிறுத்தாமல் கேலிக்கு ஆளானவரிடம் தத்துவம் பேசுவது முற்போக்கு ஆகாது.

'பொறுத்துக்கொள்' என்கிறார் விற்பவர். 'எண்ணெய் தேய்' என்கிறார் இயற்கைவாதி. 'ஏற்றுக்கொள்' என்கிறார் அறிவாளி. மூவரும் மூன்று திசையில் நிற்பதுபோல் தோன்றினாலும், தலை எரிகிறது என்று சொல்பவரிடம் 'எங்கே எரிகிறது, எப்போதிலிருந்து எரிகிறது, எதைத் தடவிய பிறகு?' என்று ஒருவரும் கேட்பதில்லை. நோயைக் கண்டறி, அதன் காரணத்தைக் கண்டறி, பிறகு தணிக்கும் வழியைத் தேடு என்ற வரிசை திருக்குறளின் மருந்து அதிகாரத்திலேயே இருக்கிறது. குறளை மனப்பாடப் பகுதியாகவே வைத்திருப்பதால் நேர்ந்த கதி இது.

*

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? எரிச்சல் இரண்டு வகைப்படும். ஒன்று, திரவத்தின் வீரியத்தால் தோல் நேரடியாகச் சீண்டப்படுவது. அளவையும் தடவும் முறையையும் குறைத்தால் குறையும். மற்றது, ஒவ்வாமை. உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் ஒரு பொருளைப் பகையென்று நினைவில் வைத்துக்கொண்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் ஓரிரு நாளில் அரித்துச் சிவந்து நீர் கோத்துக்கொள்ளும்; சில நேரம் நெற்றி, காதோரம், கழுத்து வரை பரவும். இரண்டையும் பிரித்தறியத் தோல் மருத்துவரிடம் எளிய சோதனை உண்டு. சந்தேகப்படும் பொருட்களைத் தனித்தனியாகச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். குற்றவாளி புரோப்பிலீன் கிளைக்கால் என்றால், அது இல்லாத நுரைக்கோ வேறு கரைசலுக்கோ மாறிக்கொள்ளலாம். மினாக்சிடிலே குற்றவாளி என்றால் நுரைக்கு மாறியும் பயனில்லை. தடவுவதையே விட்டுவிட வேண்டும். எரிச்சலைச் சான்றிதழாகக் கொண்டாடுபவர் இந்த இரண்டு முடிவுகளில் எதையும் எட்டப்போவதில்லை.

பொறுத்துக்கொள்வதன் ஆபத்து தோலோடு நின்றுவிடுவதும் இல்லை. சொறிந்து சொறிந்து தோல் உரிந்த தலையில் தடவினால் மருந்து இரத்தத்தில் கூடுதலாகக் கலக்கும். இது பிறப்பிலேயே இரத்த அழுத்த மருந்து என்பதை மறந்துவிடக் கூடாது. படபடப்பும் தலைச்சுற்றலும் அப்படித்தான் வருகின்றன. ஊசி உருளையால் தலையை உருட்டிய கையோடு கரைசலை ஊற்றிக்கொள்ளச் சொல்லும் காணொளி வீரர்களுக்கு இது தெரியுமா என்று நாம் அறியோம்; தெரிந்து சொன்னால் அது குற்றம். அமெரிக்காவில் விற்கும் பெட்டியில், சிவந்து, எரிந்து, வீங்கிய தலையில் தடவாதீர்கள் என்றும், எரிச்சல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள் என்றும் அச்சிட்டே இருக்கிறது. தயாரிப்பவரே எச்சரிக்கை என்று எழுதியதை, நம் ஊரில் வாய்வழியாக நற்செய்தி என்று மொழிபெயர்த்துவிட்டார்கள்.

'நிறுத்தினால் வளர்ந்ததெல்லாம் கொட்டிவிடும்' என்ற பயமுறுத்தல் இந்த மொழிபெயர்ப்புக்குக் காவல் நிற்கிறது. இதுவும் பாதி உண்மைதான். ஒரேயடியாக நிறுத்தினால் மூன்று நான்கு மாதங்களில் பழைய நிலை திரும்பும். ஆனால் புண்ணான தோலை ஆற்றிக்கொள்ளச் சில வாரங்கள் நிறுத்தி, கரைப்பானை மாற்றித் திரும்பத் தொடங்குவது முற்றிலும் வேறு. நிரந்தரமாக விடுவதற்கும் தற்காலிகமாக இடைவெளி விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை வேண்டுமென்றே மறைப்பதில் ஒரு புட்டியின் விற்பனை அடங்கியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்த மருந்தும் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ உரிமை கோரக் கூடாத நோய்களின் பட்டியல் அது. வழுக்கை அதில் இருக்கிறது. புதிய முடி வளரச் செய்வதும் இருக்கிறது. ஆனால் மருந்து என்று சொல்லாமல் எண்ணெய் என்றும் சீரம் என்றும் பெயர் மாற்றிக்கொண்டால், 'வளர்க்கும்' என்பதை 'வளர உதவும்' என்று வினைமுற்றைத் தளர்த்திக்கொண்டால், எல்லாக் கதவும் திறந்துகொள்கிறது. விளம்பர மொழியில் ஒரு துணைவினை என்னென்ன செய்கிறது என்பதை இலக்கணம் நடத்துபவர்களைவிட வேறு யார் நன்றாக எடுத்துச் சொல்ல முடியும்?

நாம் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் புட்டிக்குள் என்ன கரைப்பான் இருக்கிறது, எத்தனை சதவீதம் இருக்கிறது, எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் புட்டியை நீட்டுபவர் 'எரிந்தால் நல்லது' என்பதற்குப் பதிலாக 'எரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க' என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக் கூடியவைதாம். தோல் மருத்துவர்கள் சீட்டு எழுதும்போதே கரைசலா நுரையா, ஏன் என்று ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்ல வேண்டும். எழுதுபவர்களாகிய நாம் சொட்டைத் தலைக் கிண்டலை இன்னும் எத்தனை கதைகளில் மலிவான சிரிப்புக்காகப் பயன்படுத்தப்போகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

இதை மறுப்பவர்கள் மறுக்கட்டும். மறுக்கும்போது, எரிச்சலால்தான் தமக்கு முடி வளர்ந்தது என்று ஒருவரின் கதையைக் கொண்டுவராமல், 2006-இன் நுரைக்கு ஒரு பதிலைக் கொண்டுவரட்டும். அதுவரை, தலை எரிகிறது என்று உங்களிடம் சொல்லும் தம்பியிடமோ தங்கையிடமோ பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். புட்டியை வாங்கி அதன் பின்பக்கத்தை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.